அம்புக்குறியைப் பிரிக்கும் அதிகாரம்

தாமிரபரணி ஆற்றங்கரை அறிவிப்புப் பலகை மேம்பாட்டு முகமை என்று ஒன்று பாளையங்கோட்டையில் இருப்பது பாளையங்கோட்டைக்காரர்களுக்கே தெரியாது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. அறிவிப்புப் பலகை வைப்பதற்கென்றே தொடங்கிய அந்த அலுவலகத்தின் வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. அதன் வடிவமைப்பு இன்னும் ஒப்புதலில் இருந்தது.

சுகன்யா அங்கே ஒப்பந்த வடிவமைப்பாளர். அதற்கு முன்னால் ஜங்ஷனில் அசன் முகம்மது அண்ணாச்சியின் பிளக்ஸ் கடையில் இருந்தாள். சடங்கு வீடு, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எதைக் கேட்டாலும் வந்தவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் போட்டுக் கொடுத்துவிடுவாள். போன ஆடி அமாவாசைக்கு மறுநாள் ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. சாய்ராம் என்று ஒரு பையன், பெங்களூரில் வேலை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவன் ஆனைப்பாறைத் துறையில் வலப்பக்கமாக இறங்கிவிட்டான். வலப்பக்கம் கசம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் பரம சாது. காலை வைத்தால் ஆளையே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆழம். இடப்பக்கம் மணல், முழங்கால் தண்ணீர், கைக்குழந்தையைக்கூட உட்கார வைத்துக் குளிப்பாட்டலாம். உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும். வெளியூர்க்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பையனின் படத்தில் பின்னணியை வெட்டி எடுத்து, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வைத்தபோது சுகன்யாவுக்கு முந்தின வருஷம் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின ஆடியிலும் அதே துறை, அதே குத்துவிளக்கு, வேறு முகம். ஒரு அம்புக்குறி போட்டு நட்டால் தீருகிற சமாச்சாரத்துக்கு வருஷா வருஷம் விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. முகமையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அண்ணாச்சியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அம்புக்குறி போட்டால் தீரும் என்று நினைத்தது அவளுடைய அறியாமை. ஆனாலும் நல்ல மனசு.

சேர்ந்த வாரமே பலகையை வரைந்தாள். மஞ்சள் பின்னணியில் இடப்பக்கத்தைக் காட்டும் பெரிய சிவப்பு அம்பு, மேலே ‘குளிக்க இந்தப் பக்கம்’. கண்காணிப்பாளர் ஆவுடைநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஆள் ஒருத்தரையும் காணோமே?”

“ஆளா சார்?”

“மூஞ்சிம்மா. சொல்லுதது யாருன்னு சனத்துக்குத் தெரியாண்டாமா? மொட்டையா ஒரு அம்பு மட்டும் கெடந்தா எவன் நம்புவான்?”

அப்படியாக முகங்கள் வந்தன. மேலே வலது மூலையில் முகமைத் தலைவர், கீழே இயக்குநர் கோபாலசுப்பிரமணியன், துணை இயக்குநர், உறுப்பினர்கள். ஒரே ஸ்டுடியோவில் ஒரே நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த படங்கள் என்பதால் கீழ்வரிசைத் தலைகள் எல்லாம் வலப்பக்கமாக, தலைவரைப் பார்த்தபடியே அமைந்தன. அம்பு கொஞ்சம் ஒடுங்கி, இயக்குநரின் காதோரமாய்ப் போய் நின்றது. இனி அச்சுக்கு அனுப்பலாம் என்ற நேரத்தில் தணிக்கை வந்தது.

அலுவலகக் கணினிகளில் இருந்த வரைகலை மென்பொருள் திருட்டு நகல் என்று தணிக்கையில் எழுதிவிட்டார்கள். உடனே அதைத் தூக்கிவிட்டு ‘சித்திரக்கோல்’ என்ற புதிய மென்பொருளை வாங்கினார்கள். வாங்கியாயிற்று என்றால் தொட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை, பயிற்சி பெற்றவர்தான் தொடலாம். பயிற்சிக்குத் தொடக்க விழா நடந்தது. மவுசுக்குச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

“இத்தனை வருஷத்தில் நமது முகமையின் பலகைகளில் ஒரு எழுத்துப்பிழையைக்கூட யாரும் காட்ட முடியாது. எப்படிச் சாத்தியமாயிற்று? நாம் ஒரு பலகையும் வைக்கவில்லை. இந்தத் தூய்மையைக் கட்டிக்காப்பது உங்கள் கையில் இருக்கிறது. பலகை எப்போது வரும் என்று பொதுமக்கள் தினமும் தொலைபேசியில் கேட்கிறார்கள். வைத்துவிட்டால் கேட்பார்களா? அப்புறம் மக்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? அவசரப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.”

கைதட்டல் வலுவாக இருந்தது. சுகன்யாவும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

பயிற்றுநர் சாய்கிருஷ்ணன் சென்னையிலிருந்து வந்திருந்தார். திரையில் இருக்கும் எழுத்து, படம், கோடு எல்லாவற்றுக்கும் பொருள் என்று பெயர் என்றார். அந்தப் பொருளைத் திருத்துவதில் மூன்று நிலைகள். தொடக்கநிலையில் நகர்த்தலாம், திருப்பலாம். நடுநிலையில் பல பொருள்களைச் சேர்த்து ஒரே தொகுப்பாகக் கட்டலாம். கட்டிய தொகுப்பைப் பிரிப்பது மேல்நிலை. எந்த நிலைக்குச் சான்றிதழ் இருக்கிறதோ அதற்கான பொத்தான்தான் வேலை செய்யும். மற்றவை சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும்.

“கட்டுனவளுக்கு அவுக்கத் தெரியாதா சார்?” என்று சுகன்யா கேட்டாள்.

“தெரியும் மேடம். ஆனா பாலிசி அப்படி. சேர்த்து வெச்சா பிரச்சினை இல்ல. பிரிச்சா, ஒவ்வொரு பொருளுக்கும் யார் பொறுப்புன்னு ஒரு கேள்வி வரும் பாருங்க. அந்தக் கேள்வி வராம பாத்துக்கறதுதான் அட்வான்ஸ்டு.”

கேட்டுக்கொண்டிருந்த இயக்குநருக்கு இது நெஞ்சில் இறங்கிவிட்டது. அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. இனி ஒவ்வொரு பலகையிலும் எழுத்து வகைப் பொருள்கள் ஒரு தொகுப்பாகவும், பட வகைப் பொருள்கள் இன்னொரு தொகுப்பாகவும் கட்டப்பட வேண்டும். முகமைத் தலைவர் மட்டும் எந்தத் தொகுப்பிலும் சேராமல் தனித்து இருப்பார். அம்பு எழுத்து இல்லை, ஆகவே அது படம். ஆகவே அதை அதிகாரிகளின் தலைகளோடு சேர்த்துக் கட்டச் சொன்னார்கள். சுகன்யா தன் கையாலேயே கட்டினாள்.

மேல்நிலைத் தேர்வுக்கு ஒரு தாமரையைக் கொடுத்து, இதழ் இதழாகப் பிரித்து அடுக்கச் சொன்னார்கள். தேர்வு முடியும்வரை எல்லாப் பொத்தானுக்கும் உயிர் கொடுத்திருந்தார்கள். சுகன்யாவின் விரல்களுக்குப் பழைய மென்பொருள்தான் தாய்வீடு. அதில் தொகுப்பைப் பிரிக்க எந்த விசைகளை அமுக்குவாளோ அவற்றையே பழக்க தோஷத்தில் இங்கேயும் அமுக்கினாள். சித்திரக்கோலில் அந்த விசைகளுக்கு வேலை வேறு, எல்லாவற்றையும் உருக்கி ஒட்டிவிடும். தாமரை போண்டாவாகிவிட்டது. பதறிப்போய் மறுபடி அமுக்கியதில் போண்டா தேர்வுத்தாளின் கேள்விகளோடும் ஒட்டிக்கொண்டது.

சாய்கிருஷ்ணன் உதட்டைப் பிதுக்கினார். இயக்குநர் மட்டும் அந்த உருண்டையை உற்றுப் பார்த்து, “ஒற்றுமை நன்றாக வந்திருக்கிறது” என்றார். ஆனாலும் தோல்வி தோல்விதான். அவளுக்குத் தொடக்கநிலை, நடுநிலைச் சான்றிதழ்கள் மட்டும் கிடைத்தன. அலுவலகத்தில் வேறு ஒருவருக்கும் மேல்நிலை கிடைக்கவில்லை. அவர்களெல்லாம் தேர்வுக்கே உட்காராமல் தப்பித்துக்கொண்டார்கள். சாய்கிருஷ்ணனும் சென்னைக்கு ரயிலேறிவிட்டார்.

பலகை நட வேண்டிய இடத்தைப் பார்க்க ஒரு நாள் ஆனைப்பாறைத் துறைக்குப் போனாள் சுகன்யா. படிக்கட்டின் தலைமாட்டில், அவளுக்கு முன்பே பழக்கமான வடிவம்மாள் எள்ளும் தர்ப்பையும் வாழையிலையும் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வியாபாரம் ஒரு பக்கம், ஆற்றில் இறங்குகிறவர்களைப் பார்த்துக் கத்துவது ஒரு பக்கம்.

“ஏ அண்ணாச்சி, அங்கன எறங்காதீய! கசம்! இங்கன வாங்க, இங்கன!” என்று ஒருவரை மடக்கிவிட்டு, சுகன்யாவைப் பார்த்தாள். “ஏட்டி, ஒன் பலகை எப்பதான் வருது? எனக்குத் தொண்டை கிழிஞ்சு போச்சு.”

“ஆடிக்குள்ள வந்திரும் வடிவக்கா.”

“போன ஆடியிலயும் கத்தத்தான் செஞ்சேன். அந்தப் பெங்களூர்ப் பயலுக்குக் கேக்கல. கூட்டம் அம்புட்டு இரைச்சல். அவன் அம்மை இந்தப் படியிலதான் உக்காந்திருந்தா. தலையைத் துவட்ட துண்டை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா.”

அன்றைக்கு அலுவலகத்துக்குத் திரும்பியதும் சுகன்யா, பலகையை அச்சுக்கு அனுப்பியே தீருவது என்று ஆவுடைநாயகத்தின் மேஜை முன்னால் நின்றாள். அவரும் இரக்கப்பட்டு, மாதிரியை எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனார். இயக்குநர் பார்த்தார். தலைவர் வலது மூலையில் இருப்பதைக் கண்டு திடுக்கிட்டார்.

“தமிழை இடமிருந்துதானே வாசிக்கிறோம்? அப்படியென்றால் தலைவர் கடைசியில் அல்லவா வருகிறார்!”

தலைவரை இடது மூலைக்கு நகர்த்தினார்கள். அவர் எந்தத் தொகுப்பிலும் சேராதவர் என்பதால் சுலபமாக நகர்ந்தார். நகர்ந்த பிறகுதான் விபரீதம் தெரிந்தது. கீழ்வரிசைத் தலைகள் எல்லாம் இப்போது அவருக்கு எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

“ஆவுடைநாயகம், நான் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறேனே!”

“முதுகு தெரியல சார். கன்னந்தான் தெரியுது.”

“கன்னம் இங்கே இருந்தால் முதுகு அங்கேதானே இருக்கும்?”

ஊரில் எந்தத் தட்டியை வேண்டுமானாலும் பாருங்கள், தலைவரைப் பார்க்காத தலை ஒன்றை அதில் பார்க்க முடியாது. அப்படி ஒரு தலை இருந்தால் அது அடுத்த தட்டியில் இருக்காது. மறுபடி எல்லோரையும் உட்காரவைத்துப் படம் எடுக்கலாமா என்று யோசித்தார்கள். உறுப்பினர்களில் ஒருவர் இதற்குள் காலமாகிவிட்டதால் அதற்கு வழியில்லை. ஆளைத்தானே திருப்ப முடியாது, தொகுப்பைத் திருப்பலாமே என்று ஆவுடைநாயகம்தான் சொன்னார். திருப்புவது தொடக்கநிலை, சுகன்யாவிடம் சான்றிதழ் இருக்கிறது. இயக்குநர் எழுத்துமூலம் உத்தரவு போட்டார்.

சுகன்யா ஒரு பொத்தானைத் தட்டினாள். எல்லாத் தலைகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறி ஒரே நேரத்தில் தலைவரைப் பார்த்தன. இயக்குநரின் வலது கன்னத்து மரு இடது கன்னத்துக்குப் போயிற்று. அதை யாரும் சொல்லவில்லை. அறையில் ஒரு நிம்மதி பரவியது.

“சார், அம்பு...” என்றாள் சுகன்யா.

“என்ன அம்பு?”

“அம்பும் அந்தத் தொகுப்புக்குள்ளதான சார் இருக்கு? அதுவும் திரும்பிட்டு. இப்பம் கசத்தைக் காட்டுது.”

இயக்குநர் அவளைப் பொறுமையாகப் பார்த்தார். பிரிக்க யாருக்கும் சான்றிதழ் இல்லை. சாய்கிருஷ்ணனைக் கேட்டால், தன் ஒப்பந்தம் பிரிக்கக் கற்றுக்கொடுப்பதற்குத்தான், பிரித்துக் கொடுப்பதற்கு இல்லை என்கிறார். புதிதாக இன்னொரு அம்பு வரைந்தால் இரண்டு அம்பும் இரண்டு பக்கம் காட்டும். பழைய மென்பொருளில் வரைந்து கொடுத்தால் மதுரையில் டெண்டர் எடுத்த அச்சகம் வாங்காது. சுகன்யா கடைசியாக ஒரு சாமர்த்தியம் செய்து பார்த்தாள்.

“சார், அம்பு மட்டும் தலைவருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது சார்.”

இது யோசிக்க வேண்டிய விஷயம் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். கூட்டம் கூட்டினார்கள். அம்புக்கு முதுகு உண்டா என்பது குறித்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் விவாதம் நீடித்தது. அம்பு முகமையின் ஊழியர் அல்ல, எனவே அதற்கு மரியாதை விதிகள் பொருந்தா என்று முடிவாயிற்று.

“அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்வோம் அம்மா. ஆடி கழியட்டும்.”

“ஆடி அமாவாசைக்குத்தான சார் கூட்டமே வரும்?”

“அதனால்தானே அன்றைக்குத் திறப்பு விழா வைத்திருக்கிறோம்!”

அமாவாசைக்கு முந்தின நாள் சுகன்யா துறைக்குப் போய், “வடிவக்கா, நாளைக்கு இன்னுங்கொஞ்சம் சத்தமாக் கத்தணும்” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வடிவம்மாள் காரணம் கேட்டாள். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆடி அமாவாசை விடிந்தபோது மலையில் மழை என்று ஆறு நிறைந்து வந்தது. நாங்குநேரிப் பக்கமிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வேன் வேனாய் வந்து இறங்கினார்கள். பலகை மஞ்சள் துணிக்குள் மூடியிருந்தது. முன்னால் நாற்காலிகளும் மைக்கும் போட்டிருந்தார்கள். தலைவருக்குச் சென்னையில் வேறு வேலை. இயக்குநர் துணியை இழுத்தார். தலைகள் தெரிந்தன. அம்பும் தெரிந்தது.

“எத்தனையோ உயிர்கள் போன துறை இது. அப்போதெல்லாம் நாம் சும்மா இருக்கவில்லை, பயிற்சியில் இருந்தோம். இன்றைக்குப் பலகை வந்துவிட்டது. இனிமேல் யாரும் தண்ணீரைப் பார்க்கத் தேவையில்லை, பலகையைப் பார்த்தால் போதும். இதை நிரூபிக்க, அம்பு காட்டும் பக்கத்தில் நானே முதலில் நீராடப் போகிறேன்.”

சுகன்யா முன்னால் ஓடி, “சார், வேண்டாம் சார், அந்தப் பக்கம் கசம்” என்றாள். ஆவுடைநாயகம் அவளைக் கண்ணால் அதட்டினார். இயக்குநர் சட்டையைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டு வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். வடிவம்மாள் எள்ளுத் தட்டைத் தாண்டிக் குதித்து வந்தாள்.

“ஐயா! அங்கன போவாதீய! கசம்யா!”

இயக்குநர் நின்று திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. “அம்மா, பலகையைப் பார்க்கவில்லையா?”

“பலகை இன்னைக்குத்தாம்யா வந்துது. கசம் அன்னையில இருந்து அங்கனயேதான் கெடக்கு!”

“எது அதிகாரப்பூர்வமானது என்பதைப் பார்க்க வேண்டும்” என்று சொல்லிவிட்டு இயக்குநர் ஒரு படி இறங்கினார். அடுத்த படி இருந்தது. அதற்கடுத்தது இல்லை.

முதலில் தண்ணீருக்கு மேலே ஒரு கை தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர் குதித்தார்கள், கரையிலிருந்து வேட்டியை வீசினார்கள், யாரோ குடுமியைப் பிடித்ததாகவும் சொன்னார்கள். இயக்குநருக்குக் குடுமி கிடையாது, எதையோ பிடித்திருக்கிறார்கள். இழுத்துப் போட்டுக் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினார்கள். முகமையே அவரைச் சுற்றிக் கூடிவிட்டது.

சுகன்யா மட்டும் மேலே பார்த்தாள். பின்னால் வந்த கூட்டத்துக்கு இதெல்லாம் தெரியாது. கீழே யாருக்கோ மயக்கம் என்று நினைத்துக்கொண்டு, பலகையை அண்ணாந்து பார்த்து, அம்பு காட்டிய பக்கமாய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு பையன், விரலில் தர்ப்பை மோதிரம். அவனுக்குப் பின்னால் கையில் துண்டோடு ஒரு அம்மா. வடிவம்மாள் கத்திப் பார்த்தாள், குரல் உடைந்து காற்றுதான் வந்தது.

சுகன்யா அவளுடைய இலை நறுக்கும் கத்தியை எடுத்தாள். சிறப்பு விருந்தினர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அம்பைச் சுற்றி நாலு கோடு, பிளக்ஸ் சரசரவென்று கிழிந்தது. அவசரத்தில் இயக்குநரின் காது ஒன்றும் அதோடு வந்துவிட்டது. அந்தச் சதுரத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி, ஓட்டையில் பொருத்தி, வடிவம்மாளின் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்குகளை வாங்கி நாலு மூலையிலும் குத்தினாள். அம்பு மணலைக் காட்டியது. பையன் நின்றான், பலகையை இன்னொரு தரம் பார்த்தான், இடப்பக்கமாகத் திரும்பினான். துண்டு வைத்திருந்த அம்மாவும் திரும்பினாள். அப்புறம் கூட்டம் முழுவதும் பைய அந்தப் பக்கமாய் ஒழுகியது. சுகன்யா நாற்காலியிலிருந்து இறங்கி, கத்தியை வடிவம்மாளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

இயக்குநருக்குப் பேச்சு வந்தது. வாயிலிருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, பலகையைப் பார்த்து, அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“தொகுப்பை யார் பிரித்தது?”

“பிரிக்கல சார்,” என்றாள் சுகன்யா. “திருப்பித்தான் வெச்சிருக்கேன். திருப்புததுக்கு எனக்குச் சான்றிதழ் இருக்கு. நீங்கதான் கையெழுத்துப் போட்டீய.”

ஆவுடைநாயகம் வானத்தைப் பார்த்தார். ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்த இயக்குநர் இந்தப் பதிலை ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, அவளுடைய ஒப்பந்தத்தை அந்த இடத்திலேயே முடித்துவைத்தார். பலகையைக் கழற்றுவதற்கு மட்டும் அவரால் உத்தரவிட முடியவில்லை. முகமைக்குப் பலகை வைக்கத்தான் அதிகாரம் உண்டு, எடுக்கக் கிடையாது.

மறுநாள் காலையில் சுகன்யா அசன் முகம்மது அண்ணாச்சியின் கடைக்கு வந்தாள். அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை. “வா தாயி, ஒஞ் சேரு அப்படியேதான் கெடக்கு” என்றார். வருஷா வருஷம் அமாவாசைக்கு மறுநாள் வருகிற வேலை கண்ணீர் அஞ்சலி என்பதால், குத்துவிளக்கும் கண்ணீர்த் துளியும் போட்ட மாதிரியை அவர் காலையிலேயே திரையில் திறந்து வைத்திருந்தார். நடுவில் முகத்துக்கான வட்டம் காலியாக இருந்தது. அவளுடைய விரல்கள் இப்போது சித்திரக்கோலுக்குப் பழகிப்போய், பழைய மென்பொருளில் தப்புத்தப்பாக அமுக்கின. குத்துவிளக்கு ஒன்று கவிழ்ந்து விழுந்தது.

நாள் முழுக்கக் கடை வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் மவுசை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தாள். ஒரு சடங்கு வீடு வந்தது. ஒரு புரோட்டாக் கடைத் திறப்பு வந்தது. பொழுது சாய்ந்தபோது அண்ணாச்சி தெருவை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

“அஞ்சலிக்கு ஒருத்தரையும் காணோமே தாயி. மூடிருவமா அதை?”

சுகன்யா மூடினாள். மாற்றங்களைச் சேமிக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்றாள்.